பழைய ஆக்டேவியா விஆர்எஸ் 230-க்கு லோன்: டீலர் சொல்ற 8 பர்சென்ட்டை நம்பலாமா?

கேள்வி, ஈரோட்டிலிருந்து | 19 அக்டோபர் 2025

வயசு 29. கைக்கு வர்ற சம்பளம் 1,10,000. சேமிப்பு 7 லட்சம். இப்ப ஓட்டுற ஸ்விஃப்டைக் கொடுத்தா 4 லட்சம் வரும். காலேஜ் நாள்ல இருந்து ஸ்கோடா ஆக்டேவியாவோட வேகமான மாடல் விஆர்எஸ் (ஆர்எஸ்-னும் சொல்வாங்க) மேல ஒரு கண்ணு. புது ஆர்எஸ் வெள்ளிக்கிழமை 49.99 லட்சத்துக்கு வந்துச்சு. இந்தியாவுக்கே 100 வண்டிதான், அதுவும் தீர்ந்துபோச்சு. நமக்கு அது எட்டாது. கோயம்புத்தூர்ல ஒரு டீலர்கிட்ட 2018 ஜனவரி ரிஜிஸ்ட்ரேஷன் விஆர்எஸ் 230 நிக்குது. செகண்ட் ஓனர், 68,000 கிலோமீட்டர், கேட்கிற விலை 19.5 லட்சம். "லோன் நாங்களே முடிச்சுத் தர்றோம், 8 பர்சென்ட்தான், அஞ்சு வருஷம்"ங்கிறார். தீபாவளிக்குள்ள அட்வான்ஸ் போட்டா 25,000 குறைப்பாராம். பேங்க்ல புது வண்டிக்கே 9 சொல்றாங்க. இவர் பழசுக்கு 8 தர்றார். விடக்கூடாதுன்னு தோணுது. தடுக்கிறதா இருந்தா இப்பவே தடுங்க.

19 அக்டோபர், இரவு

தடுக்கலை தம்பி. அதே 230-ஐ லோன் போட்டு வாங்கி, கடனையும் முடிச்சு, இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கிறவன் நான். வண்டியைப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த 8 பர்சென்ட்டை மட்டும் பிரிச்சுப் பார்ப்போம்.

அது ஃபிளாட் வட்டி. 10 லட்சம் கடன்னு வெச்சுக்கங்க. வருஷத்துக்கு 80,000, அஞ்சு வருஷத்துக்கு 4 லட்சம். 14 லட்சத்தை 60-ஆல வகுத்தா மாசம் 23,333. நீங்க அசலைக் கட்டிக்கிட்டே வந்தாலும் வட்டி முழு 10 லட்சத்துக்கும்தான் ஓடும். கடைசி வருஷம் உங்க கையில அவங்க பணம் மூணு லட்சம்கூட இருக்காது, வட்டி மட்டும் 10 லட்சத்துக்குக் கட்டுவீங்க. பேங்க் சொல்ற 9 குறையும் நிலுவைக்கான வட்டி. அந்தக் கணக்குக்கு மாத்தினா டீலரோட 8, ஏறக்குறைய 14.1 ஆகும்.

8-ஐயும் 9-ஐயும் பக்கத்துல வெச்சுப் பார்க்கவே கூடாது. தீபாவளிக்குள்ள அட்வான்ஸ் போட வேண்டாம். 19 லட்சம் கொடுக்கிற ஆள் உங்களை மாதிரி வரிசையில நிக்கலை. அந்த வண்டி அங்கதான் நிக்கும்.

20 அக்டோபர்

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து.

டீலர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தக் கம்பெனி லோன், அவங்க கேஎஃப்எஸ் தாளைக் காட்டுங்க." கேஎஃப்எஸ்-னா கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், கடனோட முக்கிய விவரமெல்லாம் இருக்கிற தாள். 2024 அக்டோபர் 1-லிருந்து சில்லறைக் கடன் எல்லாத்துக்கும் அந்தத் தாளைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. பிராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து உண்மையான வருட வட்டி அதுல ஏபிஆர்னு ஒரு வரியில இருக்கும். அந்த வரியைப் படிச்சா போதும். அந்தத் தாள்ல இல்லாத கட்டணத்தை நீங்க சம்மதிக்காம பின்னாடி வாங்க முடியாது.

23 அக்டோபர்

தம்பி பதில் போட்டிருக்கார். கேஎஃப்எஸ் கேட்டதும் டீலர் "அதெல்லாம் சாங்ஷன் ஆனப்புறம் வரும் சார்"னு சொல்லிட்டு, 10 லட்சம் வண்டி லோனும் 2.5 லட்சம் பர்சனல் லோனும் சேர்த்து முடிச்சுத் தர்றேன்னாராம்.

இதுல ஒளிஞ்சிருக்கிற விஷயத்தைக் கவனிங்க. ஏன் ரெண்டு லோன்? 19.5 லட்சம் வண்டிக்கு ஒரே லோனா 12.5 ஏன் வரலை?

கடன் கொடுக்கிறவன் டீலர் கேட்கிற விலையைப் பார்க்க மாட்டான். அவன் அனுப்புற வேல்யூவர் எழுதுற விலைக்கு 70-லிருந்து 85 பர்சென்ட்தான் வழக்கமா கிடைக்கும். வேல்யூவர் கையில இருக்கிற அட்டவணைக்கு மாடல், வருஷம், கிலோமீட்டர் தெரியும். ஆக்டேவியா பெட்ரோல் 2018-க்கு என்ன போகுதோ அதைச் சுத்தித்தான் எழுதுவார். விஆர்எஸ்-னு கொஞ்சம் கூட்டலாம். ஆனா நம்ம மாதிரி ஆளுங்க அந்த பேட்ஜுக்காக மேல வைக்கிற 4, 5 லட்சத்தை எந்த அட்டவணையும் ஒத்துக்காது. 2017-ல இது வந்தப்ப ஷோரூம் விலை 24.62 லட்சம். எட்டு வருஷம் கழிச்சும் 19.5 கேட்கிறாங்கன்னா அந்த விலையில ஒரு பங்கு நம்ம ஆசை.

அதனால 13.5-ன்னு வேல்யூவேஷன் வந்தா அதுல 75 பர்சென்ட், 10 லட்சத்துச் சொச்சம். மிச்சத்தை அடைக்கத்தான் பர்சனல் லோன். அதாவது பேங்க் "இதுக்கு மேல இந்த வண்டி தாங்காது"ன்னு நிறுத்தின இடத்துல, டீலர் உங்க சம்பளத்தை அடமானமா வெச்சு மேல ஏறச் சொல்றார்.

என் முடிவு இதுதான். கடைசி வரைக்கும் இதையே சொல்வேன்: ஆசைக்கான பங்கைக் கைக்காசுல கொடுங்க. வேல்யூவேஷன்ல நிக்கிற பங்குக்கு மட்டும் கடன் வாங்குங்க.

23 அக்டோபர், மறுபடியும்

வேல்யூவேஷன்னா என்ன நடக்கும்னு ஒருத்தர் கேட்டார். எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

வந்தவர் சின்னப் பையன், பைக்ல வந்தார். பானெட்டைத் திறந்து சேஸ் நம்பர் மேல பென்சில் தூளைத் தேய்ச்சு, செல்லோடேப்பை ஒட்டி மெல்ல உரிச்சு, அதை அப்படியே ஃபார்ம்ல ஒட்டினார். ஆர்சியில இருக்கிற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் பார்த்தார். நாலு பக்கம் போட்டோ, ஓடோமீட்டர் போட்டோ, டயர்ல இருக்கிற தயாரிப்பு வாரம். டிக்கியில ஸ்டெப்னி குழியைத் தூக்கி, பின்னாடி அடி வாங்கி வெல்டிங் ஆகியிருக்கான்னு டார்ச் அடிச்சார். வண்டியை ஓட்டவே இல்லை. டிஎஸ்ஜி (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்) எப்படி கியர் மாறுது, டர்போ எப்படி இருக்கு, எதுவும் அவர் தாள்ல கிடையாது.

அதனால லோன் சாங்ஷன் ஆச்சுங்கிறதை வண்டி நல்லா இருக்குங்கிறதுக்குச் சான்றா எடுத்துக்காதீங்க. காசு கொடுத்து, ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டி தெரிஞ்ச வெளி மெக்கானிக்கை வெச்சு ஸ்கேனர் போட்டுப் பாருங்க. டீலர் அனுமதிக்கலைன்னா திரும்பி வந்துடுங்க.

27 அக்டோபர்

இப்ப வயசு. இந்த இழையில இதைத்தான் யாரும் பேசலை.

பல பேங்க்ல ஒரு விதி உண்டு: கடன் முடியுற அன்னைக்கு வண்டிக்கு 10 வயசு தாண்டியிருக்கக் கூடாது. சில இடத்துல 12 வரைக்கும் விடுவாங்க. 2018 ஜனவரி வண்டிக்கு 10-ன்னா 2028 ஜனவரி. இன்னைக்குக் கணக்குப் போட்டா 26 மாசம்தான் மிச்சம். பேங்க் ரெண்டு வருஷத்துக்குத்தான் கொடுக்கும். அஞ்சு வருஷம் கொடுக்கிறவன் வயசைப் பார்க்காம கொடுக்கலை, அதுக்கும் சேர்த்து வட்டியைப் போட்டுக்கிறான்.

10 லட்சத்துக்கு மூணு கணக்கு:

ரெண்டு வருஷம், 12 பர்சென்ட்: மாசம் 47,073. மொத்த வட்டி 1.30 லட்சம்.
மூணு வருஷம், 13 பர்சென்ட்: மாசம் 33,694. மொத்த வட்டி 2.13 லட்சம்.
அஞ்சு வருஷம், 15 பர்சென்ட்: மாசம் 23,790. மொத்த வட்டி 4.27 லட்சம்.

மூணாவது வரியைப் பார்த்ததும் டியூ பாதியாக் குறையுதேன்னு மனசு போகும். ஆனா 13 வயசு விஆர்எஸ்-க்கு டியூ கட்டிக்கிட்டிருப்பீங்க. டீலர் சொன்ன 8 ஃபிளாட்டையே எடுத்து, மூணு வருஷம் கழிச்சு வித்துடலாம்னு நினைச்சாலும், அன்னைக்கு நிலுவை 4.85 லட்சம் நிக்கும். முன்கூட்டி முடிக்கிறதுக்கு 5 பர்சென்ட், அது மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டின்னா இன்னொரு 28,000 சொச்சம்.

ரெண்டு வருஷம் 47,000 தாங்காதுன்னா கடன் பெருசுன்னு அர்த்தம். காலத்தை நீட்டாதீங்க, தொகையைக் குறைங்க.

28 அக்டோபர்

"அண்ணா, செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைஞ்சுச்சே, பழைய வண்டி விலை விழலையா?"

விழுந்திருக்கு. செப்டம்பர் 22-லிருந்து பெரிய காருக்கு செஸ் போய் 40 பர்சென்ட் மட்டும்தான். முன்னாடி செஸ்ஸோட 45-லிருந்து 50 வரைக்கும் இருந்துச்சு. புதுசு குறைஞ்சா பழசும் குறையும். "விஆர்எஸ் 230 இப்ப தயாரிப்புல இல்ல, இதுக்கு அது பொருந்தாது"ன்னு விக்கிறவர் சொல்வார். அவர் கேட்கிற விலைக்குப் பொருந்தாம போகலாம், வேல்யூவரோட அட்டவணை குறையத்தான் செய்யும். அதாவது கடன் குறையும், உங்க கைக்காசு கூடும். பேரம் பேச இது நல்ல ஆயுதம். உபயோகிங்க.

2 நவம்பர்

தம்பி ஒரு புதுத் தகவல் போட்டிருக்கார்: வண்டியில ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவரைக் கூட்டுறது) இருக்காம். டீலர் அதை ஒரு பெருமையாவே சொன்னாராம், "290 குதிரை சார்".

எனக்கு இது கவலையா இருக்கு. 230-க்குக் கம்பெனி கொடுத்தது 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர் டார்க். ஆறு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில மூழ்கின கிளட்ச். ஸ்டேஜ் 1 போட்டா டார்க் 400-ஐத் தாண்டும். எத்தனை வருஷம் அப்படி ஓடுச்சு, கியர்பாக்ஸ் ஆயில் 60,000-ல மாத்தினாங்களான்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வெச்சுக்கங்க.

கடனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, இன்சூரன்ஸ் வழியா சம்பந்தம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. பெரிய விபத்துல சர்வேயர் ரீமேப்பைக் கண்டுபிடிச்சு க்ளெய்மை நிறுத்தினா, வண்டி போயிடும், கடன் நிக்கும். லோன் ஓடுற வரைக்கும் வண்டி கம்பெனி மேப்லதான் இருக்கணும். வாங்குறதுக்கு முன்னாடியே டீலர் செலவுல பழைய மேப்புக்குத் திருப்பச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஓட்டிப் பாருங்க. அந்த 230 குதிரையும் நல்லாத்தான் ஓடும். பல்லடம் தாண்டி ரோடு காலியா இருக்கிறப்ப மூணாவது கியர்ல ஒரு மிதி மிதிச்சா போதும், இந்த ஆசை ஏன்னு புரியும்.

2 நவம்பர், இன்னொன்னு

இன்சூரன்ஸ்னு சொன்னதால இதையும் எழுதிடுறேன். எட்டு வயசு வண்டிக்கு ஐடிவி (பாலிசியில வண்டிக்குப் போடுற மதிப்பு) நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிக்கிற தொகை. டீலர் பிரீமியத்தைக் குறைச்சுக் காட்டணும்னு 9 லட்சம், 10 லட்சம்னு போட்டு வெச்சிருப்பார். வண்டி திருடு போனா, இல்ல முழு நஷ்டம்னு ஆனா, அந்த ஐடிவிதான் வரும். அதுவும் முதல்ல கடன் கொடுத்தவனுக்கு. ஐடிவி 11 லட்சம், நிலுவை 9.5-ன்னா உங்க கைக்கு 1.5 லட்சம். நீங்க போட்ட கைக்காசு 9 லட்சத்துச் சொச்சத்துல 8 லட்சம் காத்துல போச்சு. கொஞ்சம் பிரீமியம் கூடினாலும் ஒத்துக்கிற அளவுக்கு ஐடிவியை ஏத்திப் போடுங்க. 1500 சிசிக்கு மேல தேர்ட் பார்ட்டி 2025-ல 7,897 ரூபாய், அது எந்தக் கம்பெனியிலயும் மாறாது. பேரம் ஓன் டேமேஜ்லதான் (நம்ம வண்டிச் சேதத்துக்கான பங்கு).

9 நவம்பர்

சென்னையிலிருந்து ஒருத்தர் 2022 பிஎம்டபிள்யூ எம்340ஐ பத்திக் கேட்கிறார். 35 லட்சம் கடன், "பலூன்" திட்டத்துல போட்டா டியூ குறையும்னு சொல்றாங்களாம்.

குறையும். 10 பர்சென்ட், மூணு வருஷம், 35 லட்சத்துக்குச் சாதாரணமா மாசம் 1,12,900 வரும். 14 லட்சத்தைக் கடைசித் தவணைக்குத் தள்ளி வெச்சா 79,400. ஆனா மொத்த வட்டி 5.66 லட்சத்துல இருந்து 7.59 லட்சமாகும். மூணாவது வருஷக் கடைசியில 14 லட்சத்தை ஒரே நாள்ல எடுத்து வைக்கணும். அன்னைக்கு வண்டி என்ன விலை போகும்னு யாராலயும் இன்னைக்கு எழுதித் தர முடியாது. தொழில்ல இருக்கிறவருக்கு, பெரிய தொகை வர்ற மாசம் தெரிஞ்சவருக்கு ஒத்து வரும். மாசச் சம்பளக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் அருமையான இன்ஜின், அதுல மாத்துக் கருத்து இல்லை.

14 நவம்பர்

நகையை வெச்சு வாங்குறது பத்தி. அக்டோபர் 23-ந்தேதி எழுதினதுல கைக்காசு, கடன்னு ரெண்டா மட்டும் பிரிச்சேன். ரெண்டு பேர் "வீட்ல சும்மா கிடக்கிற நகை மேல வாங்கினா வட்டி கம்மி, ஹெச்பி (ஆர்சியில ஏறுற கடன் பதிவு) இல்ல, வேல்யூவேஷன் இல்ல"ன்னு எழுதியிருக்காங்க.

முதல்ல கூடவே கூடாதுன்னு நினைச்சேன். யோசிச்சுப் பார்த்ததுல ஒரு இடத்துல ஒத்துக்கிறேன். பழைய வண்டி வித்துப் பணம் வர ரெண்டு மாசம் ஆகும், அந்த இடைவெளிக்குன்னா சரி. ஸ்விஃப்ட் பணம் வந்ததும் மீட்டுடணும். மத்தபடி வருஷக்கணக்கா வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல எவ்வளவு சகஜம்னு எல்லாருக்கும் தெரியும். அதுல காருக்கு வாங்குன கடன் எப்ப முடியுதுன்னே தெரியாது. வீட்டுல இருக்கிறவங்க நகை, அவங்க வாயால சொல்லாம தொடாதீங்க.

வீட்டுக் கடன் டாப்-அப்புக்கும் இதே கவலைதான். வட்டி கம்மி. ஆனா 15 வருஷத்துக்குப் பிரிச்சுடுவாங்க. வண்டி போனப்புறமும் வீடு அதைச் சுமக்கும்.

21 நவம்பர்

ஆர்சி. இங்கதான் எனக்கு ரொம்ப வலிச்சுது, அதனால நீளமா எழுதுறேன்.

நான் வாங்கினப்ப முதல் ஓனர் அவரோட கடனைக் கட்டி முடிச்சிருந்தார். கட்டி முடிச்ச ரசீதும் காட்டினார். ஆனா ஆர்சியில ஹெச்பி அப்படியே இருந்துச்சு. என்ஓசி (கடன் பாக்கி இல்லைங்கிற சான்று) வாங்கி வெச்சிருந்தார், ஆர்டிஓ-க்குப் போகலை. என்ஓசிக்கு வழக்கமா மூணு மாசம்தான் உயிர், அது காலாவதி ஆகியிருந்துச்சு. புதுசு வாங்கப் போனா அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பிராஞ்சையே மூடிட்டாங்க. வேற ஊர் பிராஞ்ச்ல "சிஸ்டத்துல பழைய அக்கவுன்ட் தெரியலை"ன்னாங்க. பழைய ஹெச்பி போகாம என் பேங்க் ஹெச்பி ஏறாது. அது ஏறாம என் பேங்க் பணம் விடாது. விக்கிறவர் நல்ல மனுஷன், கூடவே அலைஞ்சார். வேற ஆளா இருந்தா அட்வான்ஸையும் தொலைச்சிருப்பேன்.

அதனால வரிசை இது. முதல்ல வாஹன்ங்கிற அரசு வண்டிப் பதிவுத் தளத்துல வண்டி நம்பரைப் போட்டு ஹெச்பி யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. இருந்தா, ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை முடிக்க எவ்வளவு பாக்கின்னு சொல்ற கடிதம்) வாங்கி, உங்க பணம் நேரா அந்தக் கடன் கொடுத்தவனுக்குப் போகணும், ஓனர் கைக்குப் போகக்கூடாது. அப்புறம் என்ஓசியும், ஹெச்பியை நீக்குறதுக்கான கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம். அதுக்கப்புறம்தான் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30. உங்க பேங்க் ஹெச்பிக்கு 34.

டீலர்கிட்ட வாங்குறதால இன்னொன்னு. 2023 ஏப்ரல் 1-லிருந்து பழைய வண்டி டீலர் ஆர்டிஓ-கிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்கணும். வண்டி அவர் கைக்கு வந்ததை ஃபார்ம் 29சி-யில ஓனரோட சேர்ந்து தெரிவிச்சிருக்கணும். அது இருந்தா வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. இல்லைன்னா அவர் வெறும் தரகர், நாளைக்குப் பிரச்சினைன்னா "நான் நடுவுல இருந்தவன்"னு கையை விரிப்பார்.

அப்புறம் பணம். பாதி ரொக்கமா கேட்டா மறுத்துடுங்க. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. வாங்குறவருக்குத்தான் அபராதம்னாலும், பில்லுல விலை குறைஞ்சா நஷ்டம் உங்களுக்கு.

22 நவம்பர்

பாண்டிச்சேரி வண்டி 2 லட்சம் குறைச்சலாக் கிடைக்குதுன்னு ஒருத்தர். 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல வெச்சிருந்தா இங்க மாத்திப் பதியணும், இங்க ஆயுள் வரி கட்டணும். பல பேங்க் வெளிமாநில நம்பர் மாறின பிறகுதான் லோனே பேசும். அந்த 2 லட்சம் மிச்சம் ஆகாது.

6 டிசம்பர்

நேத்து ரிசர்வ் வங்கி ரெப்போவை (பேங்க்குகளுக்கு அது கடன் கொடுக்கிற வட்டி) 5.25-க்கு இறக்கிச்சு. "காத்திருந்தா வட்டி குறையும்"னு மூணு பேர் எழுதிட்டாங்க. பழைய கார் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட். வாங்கினப்புறம் ரெப்போ எங்க போனாலும் உங்க டியூ மாறாது. புதுசா வாங்குறவங்களுக்குக் கால், அரை குறையலாம். 8 லட்சத்துக்கு ரெண்டு வருஷத்துல அரை பர்சென்ட்னா மொத்தமே 4,500 ரூபாய் அளவுதான் வித்தியாசம். டீலர்கிட்ட விலையில 50,000 குறைக்கப் பாடுபடுங்க, அது பெருசு.

ஃப்ளோட்டிங் வட்டியில கிடைச்சா வேற விஷயம். தனிநபர் சொந்த உபயோகத்துக்கு வாங்குற ஃப்ளோட்டிங் கடனை முன்கூட்டிக் கட்டினா அபராதம் கிடையாது. போனஸ் வர்றவங்க அதைக் கேட்டுப் பாருங்க. ஃபிக்ஸட்னா அந்த அபராதம் எத்தனை பர்சென்ட்னு கேஎஃப்எஸ்-ல பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

11 டிசம்பர்

தம்பி முடிச்சுட்டார்! விலை 17.75-க்கு இறங்கியிருக்கு. டீலர் லோன் வேண்டாம்னுட்டு, சம்பளம் போற பேங்க்லயே 8 லட்சம், ரெண்டு வருஷம், 12 பர்சென்ட். டியூ 37,659. மொத்த வட்டி ஒரு லட்சத்துச் சொச்சம். ஸ்விஃப்ட் போயிடுச்சு. அவங்க அப்பா 2 லட்சம் கொடுத்திருக்கார், "மெதுவா ஓட்டு"ங்கிற ஒரே நிபந்தனையோட. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கணக்குப் பார்த்தா 13 லட்சத்துல 9.75 போக 3.25 கையில நிக்கும். இன்சூரன்ஸ், டிரான்ஸ்ஃபர் போக மிச்சத்தைத் தொடாதீங்க. அது வண்டியோட பணம். என் வண்டியில வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு கசிஞ்சு மாத்தினப்ப லேபரோட 50,000-ஐ நெருங்கிச்சு. இந்த இன்ஜின்ல அது தெரிஞ்ச வியாதி, உங்களுக்கும் வரும்னு எதிர்பாருங்க. டயர் ஒரு செட்டும் பெரிய செலவுதான். இது ரெண்டும் ஒரே மாசத்துல வந்தாலும் டியூ தவறக்கூடாது. ஒரு டியூ தவறினாலே சிபில்ல ஏறிடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கிறப்ப அது முன்னாடி வந்து நிக்கும்.

பேங்க்ல கையெழுத்துப் போடுறப்ப "லோன் பாதுகாப்பு இன்சூரன்ஸ்"னு ஒரு தாளைச் சேர்த்து நீட்டுவாங்க. அந்த பிரீமியத்தைக் கடன்லயே கூட்டிடுவாங்க, அதுக்கும் வட்டி ஓடும். கட்டாயம் இல்லை. ஏற்கனவே டேர்ம் பாலிசி இருந்தா தேவையும் இல்லை. வேண்டாம்னு எழுதிக் கொடுங்க.

12 டிசம்பர்

விட்டுப்போனது: இன்சூரன்ஸ் பேர் மாத்துறதுக்கு 14 நாள். தேர்ட் பார்ட்டி தானா உங்களுக்கு வந்துடும், ஓன் டேமேஜ் வராது. பழைய ஓனர் பேர்ல பாலிசி இருக்கிறப்ப நீங்க இடிச்சா, உங்க வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காம போகலாம். அவரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோட போயிடும், அதனால கொஞ்சம் பணம் கூடக் கேட்பாங்க, கொடுத்துடுங்க. பாலிசியில உங்க பேங்க் பேர் கடன் கொடுத்தவங்கன்னு ஏறியிருக்கான்னும் பாருங்க.

18 ஜனவரி 2026

ஆர்சி வந்துடுச்சு, ஹெச்பி சரியா ஏறியிருக்குன்னு தம்பி போட்டோ போட்டிருக்கார். நம்பரை மறைச்சுப் போடுங்க தம்பி, இங்க எல்லாரும் பார்க்கிறாங்க.

கடன் முடியுறப்ப என்ன செய்யணும்னு இப்பவே கேட்டிருக்கார், நல்ல கேள்வி. கடைசி டியூ கட்டினப்புறம் 30 நாளுக்குள்ள ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவு பண்ணின உரிமையையும் நீக்கணும்னு 2023 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. அவங்க தப்பால தாமதம் ஆனா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கணும். கடைசி டியூ போன அன்னைக்கே மெயில்ல என்ஓசி கேளுங்க, தேதி பதிவாகட்டும். என்ஓசி, ஃபார்ம் 35 வந்த வாரமே ஆர்டிஓ-ல கொடுத்துடுங்க. வாஹன்ல ஹெச்பி போயிடுச்சான்னு பார்த்துட்டு, பாலிசியில இருக்கிற பேங்க் பேரையும் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை சிபில் ரிப்போர்ட்டை இறக்கி அந்தக் கடன் "குளோஸ்டு"ன்னு காட்டுதான்னு பாருங்க. "செட்டில்டு"ன்னு (முழுசாக் கட்டாம பேசி முடிச்சதுன்னு அர்த்தம்) இருந்தா உடனே பேங்க்குக்கு எழுதித் திருத்த வைங்க.